ஐஸ் டைம்: ஹாக்கியில் யாருக்கு எத்தனை நிமிடம், ஏன்?

மார்கழியில் எங்கள் வீட்டில் காலை 5.30 மணிக்கே டிவி ஓடும். சேலத்தில் அது பால் பாக்கெட் வந்து விழுகிற நேரம். கிழக்குக் கனடாவில் அப்போது முந்தைய நாள் இரவு ஏழு மணி, ஐஸ் ஹாக்கி ஆட்டம் தொடங்குகிற நேரம். அக்கா மகன் படிக்கப் போய் அங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டான். அவன் மூலம் எனக்கும் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நான் பள்ளியில் ஆடியது நம் ஊர் மண் தரை ஹாக்கி. பனிக்கட்டி மேல் ஆடுவதைப் பார்க்கப் பழகவே ஒரு வருடம் ஆனது.

ஆட்டம் முடிந்த கையோடு போன் வந்துவிடும்.

"மாமா, பாத்தீங்களா? முதல் பீரியடுல கோல் போட்டதே அந்தப் பையன்தான். மொத்த ஆட்டத்துக்கும் அவனுக்கு 11 நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. கோச்சுக்கு அவனப் புடிக்கல, அவ்வளவுதான்."

இதே கோபத்தை இங்கேயும் கேட்டிருக்கிறேன். சேலத்தில் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் ஹாக்கி ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "என் பையனை ஏன் சார் வெளியே எடுத்தீங்க?" என்று கத்தும் அப்பா ஒருவர் கட்டாயம் இருப்பார். நிமிடத்தை மார்க் போலப் பார்க்கிறோம். அதிகம் கிடைத்தால் கோச் நம்புகிறார், குறைந்தால் வெறுக்கிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த எண் உருவாகும் விதம் வேறு. அது புரிந்தால் கோபம் போய்விடும் என்று சொல்லமாட்டேன், போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

ஐஸ் டைம் என்பது ஓர் ஆட்டக்காரர், ஆட்டக் கடிகாரம் ஓடும்போது பனித்தளத்தில் இருந்த மொத்த நேரம். பெஞ்சில் உட்கார்ந்த நேரம் சேராது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல். 1997-98 சீசனிலிருந்து இந்தக் கணக்கை ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அதிகாரப்பூர்வமாக வைத்துவருகிறது.

"இறக்கவே இல்லை" என்று ஒரே வார்த்தையில் நாம் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கிறோம். அன்றைய ஆட்ட அணியிலேயே ஒருவருக்கு இடம் இல்லாமல் போகலாம். அணியில் இருந்தும், ஒரு தவறுக்குப் பிறகு கோச் அவரைப் பெஞ்சிலேயே வைத்துவிடலாம். அல்லது அவர் தன் முறை வரும்போதெல்லாம் இறங்கியிருப்பார், ஆனால் முறைகள் குறைவாக இருந்திருக்கும். முதல் இரண்டும் கோச் எடுத்த முடிவு. மூன்றாவது பெரும்பாலும் ஆட்டம் போன போக்கு. என் மாப்பிள்ளை மூன்றாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதுக்குரிய கோபத்தைப் பட்டுக்கொண்டிருந்தான்.

300 நிமிடத் தண்ணீர்

மேட்டூர் அணை எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தண்ணீரைக் கணக்குப் போட்டுப் பங்கு வைப்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. முறைப் பாசனத்தில் மேல் மடைக்காரர் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பாய்ச்சினால் கடைமடைக்கு அந்த ஒரு மணி நேரம் குறையும். வாய்க்காலில் வருவது அவ்வளவுதான். ஐஸ் டைமும் அப்படித்தான்.

ஐஸ் ஹாக்கியில் 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். அவற்றைப் பீரியடு என்பார்கள். மொத்தம் 60 நிமிடம். ஒரு நேரத்தில் ஓர் அணியிலிருந்து தளத்தில் ஆறு பேர்: ஒரு கோல் கீப்பர், இரண்டு டிஃபென்ஸ், மூன்று ஃபார்வர்டு. கீப்பர் வழக்கமாக மாறுவதில்லை, அவரை விட்டுவிடுவோம். மீதி ஐந்து பேர், 60 நிமிடம். ஆக கோச் கையில் இருப்பது 300 நிமிடம்.

என்.எச்.எல். ஆட்டத்தில் சீருடை போடும் 20 பேரில் இருவர் கீப்பர்கள். பாக்கி 18 பேர் வழக்கமாக 12 ஃபார்வர்டு, ஆறு டிஃபென்ஸ் என்று பிரிவார்கள். மூன்று ஃபார்வர்டு சேர்ந்தது ஒரு லைன். அப்படி நான்கு லைன். டிஃபென்ஸில் இருவர் ஒரு ஜோடி, அப்படி மூன்று ஜோடி.

இப்போது பங்கு வைத்துப் பாருங்கள். ஃபார்வர்டுகளுக்கு 3 பெருக்கல் 60, அதாவது 180 நிமிடம். 12 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 15. டிஃபென்ஸுக்கு 120 நிமிடம். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 20.

இந்த ஒரு கணக்கு பாதிச் சண்டையைத் தீர்க்கும். ஒரு டிஃபென்ஸ்காரர் 20 நிமிடம் ஆடினார் என்றால் அது சராசரி. ஒரு ஃபார்வர்டு 20 நிமிடம் ஆடினார் என்றால் அவர் அணியின் நட்சத்திரம். இரண்டையும் பக்கத்தில் வைத்து "இவனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு?" என்று கேட்பதில் பொருள் இல்லை. ஒரு நட்சத்திரத்துக்கு 22 நிமிடம் கொடுத்தால், கூடுதலாகப் போன அந்த ஏழு நிமிடம் வேறு யாருடைய மடையிலிருந்தோ எடுத்த தண்ணீர். அவருக்கும் கூட்டு, இவருக்கும் கூட்டு என்று கேட்கும் ரசிகர், யாருக்குக் குறைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஷிப்ட் என்பது 45 வினாடி

சேலத்து மில் தொழிலாளிக்கு ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம். ஐஸ் ஹாக்கியிலும் அதே சொல்தான். ஒருவர் பெஞ்சிலிருந்து இறங்கி மறுபடி பெஞ்சுக்குத் திரும்பும் வரை ஒரு ஷிப்ட். ஆனால் இதன் நீளம் 45 வினாடி அளவுதான்.

ஏன் இவ்வளவு குறைவு? ஏற்காட்டு மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அடிவாரத்தில் இறங்கி, முதல் வளைவை நோக்கி உயிரைக் கொடுத்து ஓடிப் பாருங்கள். முதல் பத்து வினாடி சிறகு முளைத்த மாதிரி இருக்கும். அரை நிமிடத்தில் மூச்சு வாங்கும். ஒரு நிமிடத்தை நெருங்கும்போது தொடை கல்லாகிவிடும். முழு வேகத்தில் ஓடும் தசைக்கு மூச்சில் வரும் ஆக்சிஜன் போதாது. அது தன் கையிருப்பை எரிக்கிறது. சில வினாடிகளுக்கான ஒரு கையிருப்பு முதலில் தீர்கிறது. பிறகு சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்து ஓடுகிறது, அதை நீண்ட நேரம் செய்ய முடியாது. ஆனால் இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து மூச்சு விட்டால் அந்தக் கையிருப்பில் பெரும்பகுதி மறுபடி நிரம்பிவிடும். நான்கு லைன் சுற்றி வரும்போது ஒருவருக்குக் கிடைக்கும் ஓய்வும் ஏறத்தாழ இவ்வளவுதான்.

ஒரே ஒரு ஷிப்டைக் கிட்டத்தில் பாருங்கள். வேலிப் பலகையைத் தாண்டிக் குதித்து இறங்குகிறார். நான்கு எட்டில் முழு வேகம். எதிரணி மூலையில் பக்குக்காக இருவர் தோளோடு தோள் மோதுகிறார்கள். பக் என்பது பந்துக்குப் பதிலாக ஆடப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. அதை உருவி நடுவுக்குத் தள்ளுகிறார், கோல் அடிக்க முயல்கிறார்கள், கீப்பர் தடுக்கிறார். எல்லோரும் திரும்பித் தங்கள் கோல் பக்கம் ஓட வேண்டும். அதற்குள் 35 வினாடி. இன்னொரு முறை பக் கையில் வந்ததும் அதை எதிரணியின் ஆழத்துக்குத் தூக்கி அடித்துவிட்டு, குனிந்தபடியே பெஞ்சை நோக்கி வருகிறார். ஆட்டம் நிற்காது. அவர் பெஞ்சிலிருந்து ஐந்து அடிக்குள் வந்த பிறகே அடுத்தவர் விளையாட்டில் கலக்கலாம். முந்திக்கொண்டால் ஆள் அதிகம் என்று இரண்டு நிமிடத் தண்டனை. பெஞ்சில் விழுந்தவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். தண்ணீர் பாட்டிலைக் கூட உடனே எடுக்கமாட்டார். தலையைக் குனிந்து, வாய் திறந்து மூச்சு மட்டும் விடுவார். எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வந்தது அந்தக் காட்சியில்தான்.

அதனால், ஒருவர் ஒன்றரை நிமிட ஷிப்ட் ஆடினார் என்றால் "கோச்சின் செல்லப்பிள்ளை" என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சிக்கிக்கொண்டிருப்பார். பக் தங்கள் எல்லைக்குள்ளேயே சுற்றும்போது மாற முயன்றால் கோல் வாங்க வேண்டும், அதனால் மாற முடியாது. இரண்டாவது பீரியடில் அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச், தங்கள் கோலிலிருந்து தூரமாகிவிடுகிறது. அப்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

இதுவரை பார்த்தது: மொத்தம் 300 நிமிடம், அது 45 வினாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒருவரின் ஐஸ் டைம் என்பது அவருக்கு வந்த துண்டுகளின் கூட்டல்.

எந்தத் துண்டு யாருக்கு?

சேலத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு தட்டுவடை செட் கடை முன் நின்று பாருங்கள். கூட்டம் நெரியும்போது சட்னி தடவி, காய் வைத்து, மேல் தட்டை மூடும் இடத்தில் கைவேகமான ஆள் நிற்பார். புதிதாக வந்த பையன் தட்டு எடுத்துக் கொடுப்பான். எட்டரைக்கு மேல் கூட்டம் குறைந்ததும் அதே பையன் கையில் செட் போடக் கொடுப்பார்கள். பையனைப் பிடிக்காததால் அல்ல, எந்த நேரத்துக்கு எந்தக் கை என்ற கணக்கு.

ஹாக்கியிலும் அப்படி விசேஷ நேரங்கள் உண்டு. ஒருவர் முறைகேடாக ஆடினால் வழக்கமான தண்டனை இரண்டு நிமிடம் வெளியே உட்காருவது. அந்த நேரத்தில் எதிரணிக்கு ஒரு ஆள் கூடுதல். அதுதான் பவர் ப்ளே. கிரிக்கெட் பவர் ப்ளேக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. ஆள் குறைந்த அணி தாக்குப்பிடிக்கும் வேலைக்குப் பெனால்டி கில் என்று பெயர். இரண்டுக்கும் தனித்தனிக் குழுக்கள் வைத்திருப்பார்கள். நான்காவது லைனில் ஆடும் பலர் பவர் ப்ளே குழுவில் இருப்பதில்லை.

மாப்பிள்ளை சொன்ன அந்த ஆட்டத்தைப் போனிலேயே இருவரும் கணக்குப் போட்டோம். இரு அணிக்கும் சேர்த்து ஏழு தண்டனைகள். ஒன்றின் மேல் ஒன்று படவில்லை, தண்டனை நேரத்தில் யாரும் கோல் போடவும் இல்லை. ஆக 14 நிமிடம் விசேஷக் குழுக்களுக்குப் போய்விட்டது. மீதி 46 நிமிடம். நான்கு லைனுக்குச் சமமாகப் பிரித்தால் பதினொன்றரை. அந்தப் பையன் இரண்டு விசேஷக் குழுக்களிலும் இல்லை. அவனுக்குக் கிடைத்த 11 நிமிடம் கிட்டத்தட்ட அவன் முழுப் பங்கு.

போனில் சிறிது நேரம் சத்தமே இல்லை. "அப்ப அவனைப் பவர் ப்ளேல ஏன் போடலன்னு கேக்கணுமா மாமா?" என்றான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இன்னொரு காரணம், எதிரே யார் நிற்கிறார்கள் என்பது. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது விருந்தாளி அணி தன் ஆட்களை முதலில் நிறுத்த வேண்டும். அதைப் பார்த்துவிட்டுச் சொந்த ஊர் அணி தன் ஆட்களை மாற்றலாம். இதைக் கடைசி மாற்றம் என்பார்கள். எதிரணியின் நட்சத்திர லைன் இறங்கினால் அதைக் கட்டிப்போடத் தெரிந்த லைனை இறக்குவது, பலவீனமான ஜோடி இறங்கினால் தன் நட்சத்திரங்களை ஏவுவது. என்.எச்.எல். சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையைப் பயிற்சியாளராக 9 முறை வென்ற ஸ்காட்டி போமன் இந்த வித்தையில் பேர்போனவர். சொந்த ஊரில் 17 நிமிடம் ஆடிய ஒருவர் வெளியூரில் 13 ஆடினால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

நம் ஹாக்கியிலும் இதே கதைதான்

டிவியில் இந்திய அணியைப் பார்த்து "ஏன் இவரை வெளியே எடுத்தார்?" என்று கேட்பவர்கள் பலருக்கு இங்கும் எண்ணிக்கை வரம்பில்லாத மாற்றம் என்பது மனதில் பதிவதில்லை. கால்பந்து பார்த்த பழக்கம். அங்கே வெளியே போனவர் போனவர்தான். ஹாக்கியில் வெளியே போனவர் சில நிமிடத்தில் திரும்பி வருவார். 15 நிமிடக் கால்பகுதி நான்கு, களத்தில் 11 பேர், ஆட்டம் நிற்காமலே ஆள் மாறலாம். நட்சத்திரம் பெஞ்சில் இருந்தால் அது தண்டனை அல்ல, பெரும்பாலும் மூச்சு வாங்கும் நேரம்.

ஆனால் ஒரு விதி ரசிகர்களை வதைக்கும். பெனால்டி கார்னர், அதாவது எதிரணி தன் கோல் வட்டத்துக்குள் தவறு செய்தால் கிடைக்கும் கோல் வாய்ப்பு, கொடுக்கப்பட்ட பிறகு, அது முடியும் வரை ஆள் மாற்றக் கூடாது. காயம்பட்ட கோல் கீப்பர் போன்ற விலக்கு மட்டும் உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்த ஹர்மன்ப்ரீத் சிங் போன்ற ஒருவர், கார்னர் கிடைக்கும் அந்த வினாடியில் பெஞ்சில் இருந்தால், ஓடி வந்து அடிக்க முடியாது. ஓய்வே கொடுக்காமல் விட்டால் நான்காவது கால்பகுதியில் அவர் கையில் பலம் இருக்காது. கார்னர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கோச் ஒவ்வொரு முறையும் இந்தச் சூதை ஆடித்தான் ஆக வேண்டும்.

ஆள் கணக்கு எவ்வளவு கொடுமையானது என்பதற்கு அதே பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதி போதும். இரண்டாவது கால்பகுதியின் தொடக்கத்திலேயே அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். 40 நிமிடத்துக்கும் மேலாக இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. மீதிப் பேரின் ஒவ்வொரு ஷிப்டும் கனத்தது. கோச் யாரை எப்போது இழுத்து ஓய்வு கொடுத்தார் என்பதை மட்டும் கவனித்து அந்த ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். ஆட்டம் 1-1 என்று சமனில் முடிய, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள்.

அப்படியானால் கோச்சைக் குறையே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். சொல்ல வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

ஓர் ஆட்டத்தின் நிமிடத்தை வைத்துப் பேசாமல், பத்து ஆட்டங்களைப் பாருங்கள். தண்டனை குறைந்த ஆட்டத்திலும் ஒருவருக்கு நிமிடம் ஏறவில்லை என்றால் அது கோச் விரும்பிச் செய்வது. அனுபவசாலி பக்கைத் தவறவிட்டால் அடுத்த ஷிப்டிலேயே இறங்குகிறார், இளையவர் அதே தவறு செய்தால் பீரியடு முழுக்க உட்கார்கிறார் என்றால், அதை ரசிகர்கள் உரக்கக் கேட்பது நியாயம். அதேபோல நட்சத்திரங்களைக் கசக்குவது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் பின்தங்கியிருக்கும் கோச், நான்கு லைனுக்குப் பதில் இரண்டு மூன்று லைனை மட்டும் சுற்றவிடுவார். பெஞ்சைச் சுருக்குவது என்று இதற்குப் பெயர். ஒரு ஆட்டத்தில் இது புரிந்துகொள்ளக் கூடியது. 80-க்கும் மேற்பட்ட ஆட்டம் கொண்ட சீசனில் இதுவே பழக்கமானால், முன்னால் நிற்பவர்கள் களைத்துப் போவார்கள், பின்னால் இருப்பவர்கள் ஆட்டத்தையே மறந்துபோவார்கள்.

எனக்கு இதில் சொந்த வலி ஒன்று உண்டு. பள்ளி நாட்களில் ஒரு மாவட்ட ஆட்டம். எங்கள் கோல் வட்டத்துக்கு அருகில் வந்த பந்தை மட்டையில் நிறுத்தத் தவறினேன், கோல் விழுந்தது. கோச் என்னை வெளியே அழைத்தார். திரும்ப அனுப்பவே இல்லை. அதுகூடச் சரி, தோற்கும் ஆட்டத்தில் அவருக்கும் பதற்றம் இருந்திருக்கும். ஆனால் அன்றும் மறுநாளும் அடுத்த வாரமும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் தவறா, மட்டை தவறா, நின்ற இடம் தவறா, எதைத் திருத்த வேண்டும் என்று தெரியாமலே அந்த வருடம் முழுவதும் பயந்து பயந்து ஆடினேன். நிமிடம் பறிபோனதை விட அந்த மௌனம்தான் என்னைக் கெடுத்தது. அதனால் இன்று வேலி ஓரம் கத்தும் அப்பாக்களிடம் ஒன்று மட்டும் சொல்கிறேன்: எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், பையனிடம் காரணம் சொன்னீர்களா என்று கேளுங்கள்.

மாப்பிள்ளையின் கதைக்கு வருகிறேன். 11 நிமிடம் நியாயமான பங்கு என்று ஒத்துக்கொண்டவன், மறுநாள் காலை மறுபடி கூப்பிட்டான். இரவெல்லாம் ஒவ்வொரு ஷிப்டும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற பட்டியலை வைத்துப் பார்த்திருக்கிறான்.

"மாமா, மொத்தம் சரிதான். ஆனா கடைசி ஆறு நிமிஷம் அவன் ஒரு ஷிப்ட்கூட இறங்கல. ஒரு கோல்தான் பின்னாடி இருந்தோம். அன்னிக்கு நமக்குக் கோல் போட்டது அவன் ஒருத்தன்தான். அந்த நேரத்துல கீப்பரையே வெளிய எடுத்துட்டு ஆறாவது ஆள இறக்கினாங்க. அந்த ஆறாவது ஆளாக்கூட அவன் இல்ல."

நான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து இரண்டு முறை பார்த்தேன். தண்டனை எதுவும் அந்த ஆறு நிமிடத்தில் இல்லை. அதற்கு முந்தைய ஷிப்டில் அவன் தவறு எதுவும் செய்யவில்லை. கடைசியாக இறங்கியதும் 40 வினாடிதான், களைத்திருக்க வாய்ப்பில்லை.

"இதுக்கு என்கிட்ட பதில் இல்லடா மாப்ள," என்றேன். "இதுல உன் கோபம் சரி."